பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டிய வரலாறு: ஆசிரியர் எம்.சி. ராஜா



ஒவ்வோர் ஆண்டும் நவம்பர் மாதத்தின் இரண்டாம் ஞாயிறை இந்தியத் திருச்சபை தலித் விடுதலை ஞாயிறாகக் கடைப்பிடிக்கிறது. அன்று திருப்பலியில் சிறப்பு மன்றாட்டு உண்டு. மறையுரையில் சமத்துவம் பற்றிப் பேசுகிறோம். ஆனால் திருப்பலி முடிந்து மறைக்கல்வி வகுப்பில் அமரும் நம் பிள்ளைகளுக்கு அன்று என்ன சொல்கிறோம்? சொல்லத் தயங்குகிறோம் என்பதே உண்மை.

தயக்கத்துக்குக் காரணம் இரண்டு. துன்பப்பட்ட குடும்பங்களின் பெற்றோர், பட்டதெல்லாம் நம்மோடு போகட்டும், பிள்ளைக்கு எதற்கு என்று நினைக்கிறார்கள். அம்பத்தூர்த் தொழிற்பேட்டையையும் ஆவடித் தொழிற்சாலைகளையும் நம்பி ஊரைவிட்டு வந்த பலர், ஊரோடு சேர்த்து அந்த நினைவுகளையும் விட்டுவிட விரும்பினார்கள். அதில் குற்றம் காண நமக்கு உரிமை இல்லை. மற்ற குடும்பங்களின் பெற்றோரோ, பழையதைக் கிளறினால் பங்கில் ஒற்றுமை கெடும் என்று அஞ்சுகிறார்கள். இரு தரப்பும் மௌனம் காக்க, பிள்ளைகள் சாதியைத் தெருவிலும், திரைப்படத்திலும், கைப்பேசியிலும் கற்றுக்கொள்கிறார்கள். சாதியைக் கற்றுக்கொள்ளும் பிள்ளை, அதை எதிர்த்து நின்ற மனிதரைக் கற்றுக்கொள்வதில்லை.

விவிலியம் வேறு வழியைக் காட்டுகிறது. எகிப்தில் அடிமைகளாக இருந்ததை இஸ்ரயேல் மக்கள் மறைக்கவில்லை. பிள்ளைகள் கேட்கும்போது அதைச் சொல்லுமாறு ஆண்டவரே கட்டளையிட்டார் (விடுதலைப் பயணம் 12:26-27, இணைச் சட்டம் 6:20-25). பாஸ்கா விழாவின் நடுவிலேயே பிள்ளையின் கேள்விக்கும் பெற்றோரின் பதிலுக்கும் இடம் இருக்கிறது. அடிமையாய் இருந்தோம் என்பது அவர்களுக்கு வெட்கமாக இல்லை. ஆண்டவர் தங்கள் கூக்குரலைக் கேட்டார் என்பதற்குச் சான்றாக இருந்தது.

இந்த எண்ணத்தோடு, நம் பக்கத்து ஊரில் பிறந்த ஒரு பள்ளி ஆசிரியரின் வாழ்க்கையை உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

பரங்கிமலையில் பிறந்த பிள்ளை

பூந்தமல்லியையும் பரங்கிமலையையும் இணைக்கும் மவுண்ட் - பூந்தமல்லி சாலையை நாம் எல்லோரும் அறிவோம். திருத்தூதர் தோமா மறைசாட்சியாக இரத்தம் சிந்திய இடம் என்று நாம் வணங்கும் அந்தப் பரங்கிமலையில், 1883 ஜூன் 17 அன்று ஓர் எளிய ஆதிதிராவிடர் குடும்பத்தில் பிறந்தவர் எம்.சி. ராஜா. மயிலை சின்னத்தம்பி ராஜா என்பதன் சுருக்கமே அந்தப் பெயர்.

அன்று பரங்கிமலையும், பூந்தமல்லியும், அம்பத்தூரும், ஆவடியும் செங்கல்பட்டு மாவட்டத்து ஊர்கள். அந்த மாவட்டத்து ஒடுக்கப்பட்ட மக்களின் நிலையை, அங்கே ஆட்சியராகப் பணியாற்றிய டிரெமன்ஹீர் என்னும் ஆங்கிலேயர் 1891இல் அறிக்கையாக எழுதினார். நிலத்தை உழுதவர்களுக்குச் சொந்தமாக நிலம் இல்லை. குடியிருந்த மனைகூட உறுதியாக அவர்களுடையது இல்லை. இந்த அறிக்கையின் பயனாக 1892இல் அம்மக்களுக்கு நிலம் ஒதுக்கும் ஆணை வந்தது. பஞ்சமி நிலம் என்று இன்றும் பேசப்படுவது இதுதான். 1893 பிப்ரவரியில் அவர்களுடைய பிள்ளைகளின் கல்விக்காகத் தனி ஆணையும் பிறந்தது. அடுத்த ஆண்டு, பிரம்மஞான சபையின் கர்னல் ஆல்காட் அடையாறில் அப்பிள்ளைகளுக்காக இலவசப் பள்ளி ஒன்றைத் தொடங்கினார்.

அந்தக் கல்வி ஆணை வந்தபோது சிறுவன் ராஜாவுக்கு வயது ஒன்பது. ஆணை தாளில் இருந்தது. ஊர்ப் பள்ளிகளின் கதவு திறக்கவில்லை. தீட்டு என்று சொல்லிப் பிள்ளையைத் திண்ணைக்கு வெளியே நிறுத்திய காலம் அது. ராஜாவுக்குக் கதவைத் திறந்தது, இராயப்பேட்டையில் மெத்தடிஸ்ட் மறைப்பணியாளர்கள் நடத்திய வெஸ்லி பள்ளி. அங்கே படித்து, பின்னர் சென்னை கிறிஸ்தவக் கல்லூரியில் பட்டம் பெற்றார். அந்தக் கல்லூரி தாம்பரத்துக்கு மாறியது 1937இல்தான். ராஜா படித்தபோது அது நகரின் நடுவில், ஜார்ஜ் டவுனில் இருந்தது.

பட்டம் பெற்றவர் தேர்ந்தெடுத்த வேலை பள்ளி ஆசிரியர் வேலை. பள்ளிப் பிள்ளைகளுக்கான பாடநூல்களும் எழுதினார். யாருடைய பிள்ளைகளைப் பள்ளிக்குள் விடக்கூடாது என்று ஊர் சொன்னதோ, அந்த மக்களில் ஒருவர் எழுதிய நூலை வைத்துப் பிள்ளைகள் படித்தார்கள்.

வகுப்பறையிலிருந்து சட்டமன்றத்துக்கு

1916இல் ராஜா ஆதிதிராவிட மகாஜன சபையின் செயலாளரானார். 1920களின் தொடக்கத்தில் சென்னை மாகாணச் சட்டமன்றத்தில் உறுப்பினராக அமர்ந்தார். கல்வி உதவி, மாணவர் விடுதி, பொதுப்பள்ளிகளில் சேர்க்கை ஆகியவற்றுக்காகவே அவர் அங்கே மிகுதியாகக் குரல் கொடுத்தார். ஆசிரியர் சட்டமன்றத்துக்குப் போனாலும் ஆசிரியராகவே இருந்தார்.

1922இல் அவர் கொண்டுவந்த தீர்மானம் ஒன்று நாம் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியது. அரசு ஆவணங்களில் அம்மக்களைக் குறிக்க வழங்கிய பறையர், பஞ்சமர் என்னும் சொற்களை நீக்கி, தமிழ் மக்களை ஆதிதிராவிடர் என்றும் தெலுங்கு மக்களை ஆதி ஆந்திரர் என்றும் எழுத வேண்டும் என்றது அது. அரசும் ஏற்றுக்கொண்டது. பெயரை மாற்றினால் பசி தீருமா என்று சிலர் கேட்கலாம். ஆனால் பள்ளிப் பதிவேட்டில் ஒரு பிள்ளையின் பெயருக்கு எதிரே எழுதப்படும் சொல் வசைச்சொல்லாகவும் வழங்கினால், அந்தப் பிள்ளை நாள்தோறும் எதைக் கற்றுக்கொள்ளும்? ஆசிரியராக இருந்தவருக்கு அது தெரியும். ஆதி என்னும் அடைமொழி, இந்த மண்ணில் நாங்கள் நேற்று வந்தவர்கள் அல்ல, முதலிலிருந்தே இருப்பவர்கள் என்று சொன்னது. ஒரே சொல்லில் ஒரு வரலாற்றுப் பாடம் அது.

நம் விவிலியத்திலும் ஆண்டவர் ஒருவரைப் புதிய வாழ்வுக்கு அழைக்கும்போது புதிய பெயர் தருகிறார். ஆபிராம் ஆபிரகாம் ஆனார். சீமோன் பேதுரு ஆனார். பெயரின் வலிமையை நாம் அறியாதவர்கள் அல்லர்.

பொதுவாழ்வு அவருக்கு எளிதாக இல்லை. 1921இல் பெரம்பூர் பக்கம் பின்னி ஆலையில் நடந்த வேலைநிறுத்தம் சாதிக் கலவரமாக மாறியது. புளியந்தோப்பில் ஏழைகளின் குடிசைகள் எரிந்தன. ராஜா தம் மக்களின் பக்கம் நின்றார். தாம் சார்ந்திருந்த நீதிக்கட்சியோடு மனக்கசப்பு வளர்ந்து, 1923இல் அதிலிருந்து விலகினார்.

ஒரு நூல், ஒரு வாரம்

1925இல் ராஜா ஒடுக்கப்பட்ட இந்துக்கள் என்னும் பொருளில் தலைப்பிட்ட ஆங்கில நூல் ஒன்றை வெளியிட்டார். தம் மக்களின் பழமையையும், அன்று அவர்கள் பட்ட இன்னல்களையும், அரசிடமும் சமுதாயத்திடமும் அவர்கள் கேட்ட நியாயத்தையும் அதில் எடுத்துரைத்தார். அதுவரை அம்மக்களைப் பற்றி எழுதியவர்களில் பலர் ஆட்சியர்கள், மறைப்பணியாளர்கள், மக்கள்தொகைக் கணக்கெடுத்த அதிகாரிகள். அயோத்திதாசப் பண்டிதர், இரட்டைமலை சீனிவாசன் போன்ற முன்னோடிகள் இதழ்கள் நடத்தித் தம் மக்களின் வரலாற்றைத் தாமே எழுதத் தொடங்கினார்கள். ராஜா அந்த வழியில் வந்தவர்.

இந்த இடத்தில் அமெரிக்காவில் வாழ்ந்த இன்னோர் ஆசிரியரையும் நினைக்கத் தோன்றுகிறது. கார்ட்டர் உட்சன் என்பது அவர் பெயர். ராஜாவைவிட எட்டு வயது மூத்தவர். 1875இல் வெர்ஜீனியா மாநிலத்தில், அடிமைகளாக இருந்து விடுதலை பெற்ற பெற்றோருக்குப் பிறந்தார். நிலக்கரிச் சுரங்கத்தில் உழைத்தார். எழுதப் படிக்கத் தெரியாத சுரங்கத் தொழிலாளர்களுக்குச் செய்தித்தாள் வாசித்துக் காட்டினார். இருபது வயதை எட்டிய பிறகுதான் உயர்நிலைப் பள்ளியில் சேர முடிந்தது. ஆனாலும் 1912இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் வரலாற்றில் முனைவர் பட்டம் பெற்றார்.

உட்சன் சில ஆண்டுகள் பிலிப்பைன்ஸ் தீவுகளில் ஆசிரியராக இருந்தார். அங்கே அமெரிக்கப் பாடநூல்களையே பிள்ளைகளுக்குக் கொடுத்தார்கள். ஆப்பிள் மரத்தையே பார்த்திராத பிள்ளைகள் ஆப்பிள் மரத்தை உலுக்கும் பாட்டைப் பாட வேண்டியிருந்தது. ஆசிரியர் பயிற்சி பெறாத ஒருவர் மட்டும், அந்த ஊரில் லொம்பாய் என்று சொல்லப்படும் நாவல் மரத்தை வைத்து அந்தப் பாட்டை மாற்றிச் சொல்லிக்கொடுத்தார். பிள்ளைகள் தினமும் ஏறி உலுக்கிய மரம் அது. அந்த வகுப்பு உயிர்பெற்றது. இதை உட்சன் பின்னர் தம் நூலில் எழுதினார். தன் ஊரும் தன் மக்களும் இல்லாத பாடம் பிள்ளையைத் தனக்கே அந்நியமாக்கிவிடும் என்பது அவர் கண்ட உண்மை.

தம் நாட்டுப் பள்ளிகளிலும் இதே குறையை அவர் கண்டார். கறுப்பினப் பிள்ளைகள் படித்த நூல்களில் அவர்களுடைய மூதாதையர் ஒன்றும் சாதிக்காதவர்களாக இருந்தார்கள். அல்லது அடிமைகளாக மட்டும் இருந்தார்கள். 1915இல் அவர் ஒரு வரலாற்றுச் சங்கத்தைத் தொடங்கினார். 1926 பிப்ரவரியில், ஆப்ரகாம் லிங்கன், ஃபிரெடரிக் டக்ளஸ் ஆகியோரின் பிறந்த நாள்கள் வரும் வாரத்தைக் கறுப்பின வரலாற்று வாரமாக அறிவித்து, பள்ளிகளிலும் ஆலயங்களிலும் கொண்டாடச் செய்தார். உட்சன் 1950இல் மறைந்தார். 1976 முதல் பிப்ரவரி மாதம் முழுவதும் அந்த நாட்டில் அவ்வாறு கொண்டாடப்படுகிறது.

இங்கே ராஜாவின் நூல் 1925. அங்கே உட்சனின் வாரம் 1926. உலகின் இரு மூலைகளில், ஒதுக்கப்பட்ட மக்களிலிருந்து எழுந்த இரண்டு ஆசிரியர்கள் ஒரே முடிவுக்கு வந்தார்கள். பள்ளிக்குள் பிள்ளையைச் சேர்த்தால் மட்டும் போதாது. அந்தப் பிள்ளையின் மக்களும் பாடத்துக்குள் வர வேண்டும் என்பதே அந்த முடிவு.

அமெரிக்காவிலும் இது முடிந்த கதை அல்ல. 2023இல் ஃபுளோரிடா மாநில அரசு, உயர்நிலைப் பள்ளிகளில் ஆப்பிரிக்க அமெரிக்கர் வரலாறு குறித்த ஒரு பாடத்திட்டத்தை ஏற்க மறுத்தது. பழையதைக் கிளறாதே என்னும் குரல் நம் ஊரில் மட்டும் கேட்பதில்லை.

கருத்து வேறுபாடும் கைகோத்தலும்

ராஜா 1927 முதல் பத்தாண்டுகள் டெல்லியில் மத்தியச் சட்டமன்ற உறுப்பினராக இருந்தார். அந்தக் காலத்தில்தான் அவருக்கும் அண்ணல் அம்பேத்கருக்கும் இடையே பெரிய கருத்து வேறுபாடு எழுந்தது. ஒடுக்கப்பட்ட மக்களுக்குத் தனித்தொகுதி வேண்டும் என்றார் அம்பேத்கர். 1932இல் ராஜா, இந்து மகாசபைத் தலைவர் மூஞ்சேயுடன் உடன்பாடு செய்து, இடஒதுக்கீட்டோடு கூடிய பொதுத்தொகுதியே போதும் என்றார். அதே ஆண்டு செப்டம்பர் 24 அன்று கையெழுத்தான பூனா ஒப்பந்தத்தில் இருவரும் ஒப்பமிட்டார்கள். ராஜாவின் நிலைப்பாடு சரியா என்று இன்றும் விவாதிக்கிறார்கள். அந்த விவாதத்தையும் பிள்ளைகளிடம் மறைக்க வேண்டியதில்லை.

தூய பவுலும் பர்னபாவும் கடுமையாகக் கருத்து வேறுபட்டு ஒருவரையொருவர் பிரிந்து போனதைத் திருத்தூதர் பணிகள் நூல் மறைக்கவில்லை (15:36-40). அதனால் அவர்களுடைய பணி சிறிதாகிவிடவில்லை. ராஜாவும் அம்பேத்கரும் மீண்டும் ஒன்றாக நின்றார்கள். 1942இல் கிரிப்ஸ் தூதுக்குழு இந்தியா வந்தபோது, ஒடுக்கப்பட்ட மக்களின் சார்பில் இருவரும் சேர்ந்தே தங்கள் நிலையை எடுத்துரைத்தார்கள்.

இதற்கிடையில் 1937இல் சில மாதங்கள் சென்னை மாகாணத்தின் இடைக்கால அமைச்சரவையில் ராஜா அமைச்சராக இருந்தார். 1938இல் அவருடைய முயற்சியால் சமூகக் குறைபாடுகள் நீக்கச் சட்டம் நிறைவேறியது. பொதுச் சாலை, பொதுக் கிணறு, பொதுப் போக்குவரத்து போன்றவற்றில் ஒருவரைத் தீண்டத்தகாதவர் என்று தடுப்பது குற்றம் என்றது அந்தச் சட்டம். அரசியலமைப்புச் சட்டம் தீண்டாமையை ஒழிப்பதற்குப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்பு நடந்தது இது. அதே ஆண்டு அவர் கொண்டுவந்த ஆலய நுழைவு மசோதாவைத் திரும்பப் பெறுமாறு முதல்வர் இராஜாஜி கேட்டும் ராஜா இசையவில்லை. மசோதா வாக்கெடுப்பில் தோற்றது. தோற்கும் என்று தெரிந்தும், கேட்க வேண்டியதைக் கேட்டுவிட்டே அமர்ந்தார்.

1943 ஆகஸ்டில், அறுபதாவது வயதில், ராஜா மறைந்தார். சைதாப்பேட்டையில் அவர் பெயரில் அரசுக் கல்லூரி மாணவர் விடுதி இருக்கிறது. கிராமங்களிலிருந்து வரும் ஏழை மாணவர்கள் அங்கே தங்கிப் படிக்கிறார்கள். ஆசிரியருக்கு இதைவிடப் பொருத்தமான நினைவுச்சின்னம் எது?

நமக்கு இதில் என்ன?

ராஜா நம் திருச்சபையைச் சேர்ந்தவர் அல்லர். மறைப்பணியாளர்களின் பள்ளியில் படித்தும் இந்துவாகவே வாழ்ந்தார். பிறகு ஏன் அவரைப் பற்றி நாம் சிந்திக்க வேண்டும்? ஏனென்றால் அவர் எழுப்பிய கேள்வி நம் ஆலயத்துக்குள்ளும் இருக்கிறது.

நெல்லைச் சீமையின் வடக்கன்குளத்தில், ஒரே ஆலயத்துக்குள் சாதிக்கொரு பகுதியாகப் பிரித்து நடுவில் சுவர் இருந்தது. 1910இல் திருச்சபை அதிகாரிகள் அதை நீக்கியபோது, சுவர் வேண்டும் என்று கேட்டு நீதிமன்றம் போனவர்களும் திருமுழுக்குப் பெற்றவர்களே. இதைச் சொல்வது நமக்கு வலிக்கிறது. ஆனால் சுவர் இருந்ததைச் சொல்லாமல், அதை இடித்தவர்களின் துணிவை எப்படிச் சொல்ல முடியும்? 1950 ஆகஸ்ட் 10 அன்று வெளியான குடியரசுத் தலைவர் ஆணை பட்டியல் இன உரிமைகளை மதத்தோடு இணைத்ததையும், அதனால் தலித் கிறிஸ்தவர்கள் அந்த உரிமைகளுக்கு வெளியே நின்றதையும் நம் மறைக்கல்விப் பிள்ளைகளில் எத்தனை பேர் அறிவார்கள்? அந்த நாளில் ஏன் கறுப்புக் கொடி ஏற்றுகிறோம் என்று ஒரு சிறுமி கேட்டால், நம் வீட்டில் பதில் இருக்கிறதா?

வரலாற்றைச் சொல்வது வெறுப்பை வளர்ப்பது ஆகாது. யூதர் என்றும் கிரேக்கர் என்றும், அடிமை என்றும் உரிமைக் குடிமகன் என்றும் பிரிவினை கிறிஸ்துவில் இல்லை என்று தூய பவுல் கலாத்தியருக்கு எழுதினார் (3:28). அந்தப் பிரிவினைகள் அவர்களிடையே இருந்ததால்தான் அதை எழுத வேண்டியிருந்தது. நோயின் பெயரைச் சொல்லாத மருத்துவர் மருந்து தர முடியாது. உண்மையைச் சொல்லும்போது, துன்பப்பட்ட வீட்டுப் பிள்ளை தலைநிமிர்கிறது; துன்பப்படுத்திய பக்கத்துப் பிள்ளையும் தன் முன்னோரின் பாரத்தைத் தொடர்ந்து சுமக்காமல் இறக்கிவைக்கக் கற்றுக்கொள்கிறது. இரண்டும் விடுதலைதான்.

பெரிய திட்டம் எதுவும் தேவையில்லை. ஆண்டில் ஒரு ஞாயிறாவது மறைக்கல்வி வகுப்பில் எம்.சி. ராஜா, இரட்டைமலை சீனிவாசன், அண்ணல் அம்பேத்கர் ஆகியோரின் வாழ்க்கையைச் சொல்லலாம். நம் பங்கின் வரலாற்றை எழுதும்போது பங்குத்தந்தையரின் பெயர்களோடு நின்றுவிடாமல், ஆலயத்துக்குக் கல் சுமந்தவர்கள், மணல் அள்ளியவர்கள் யார் என்றும் எழுதலாம். அன்பியக் கூட்டங்களில் முதியவர்களை அமரவைத்து, அவர்கள் எந்தப் பள்ளியில், எங்கே உட்கார்ந்து படித்தார்கள் என்று பிள்ளைகளைக் கேட்கச் சொல்லலாம். தாத்தா பாட்டி சொல்லும் பதிலைப் பிள்ளைகளே நோட்டில் எழுதட்டும். அதுவும் மறைக்கல்விதான்.

சிந்தனைக்கு:

1. நம் குடும்பத்தின் கடந்த காலத்தில் பிள்ளைகளிடம் எதை மறைக்கிறோம்? ஏன்?

2. நம் பங்கின் வரலாற்றில் பெயர் எழுதப்படாதவர்கள் யார்?

3. நம் வீட்டுப் பேச்சில், ஒரு மக்களின் பெயரை வசையாகப் பயன்படுத்தும் பழக்கம் இன்னும் இருக்கிறதா?

செபிப்போம்: அடிமைகளின் கூக்குரலைக் கேட்டு இறங்கி வந்த ஆண்டவரே, எங்கள் பிள்ளைகள் கேட்கும்போது உண்மையைச் சொல்லும் துணிவை எங்களுக்குத் தாரும். ஒதுக்கப்பட்ட பிள்ளைகளுக்காக உழைத்த ஆசிரியர்கள் அனைவரையும் நன்றியோடு நினைக்கிறோம். எங்கள் வகுப்பறையிலும், ஆலயத்திலும், கல்லறைத் தோட்டத்திலும் உம் பிள்ளைகள் அனைவரும் ஒன்றாக இருக்க வரம் அருளும். ஆமென்.